நின்ற விசிறிக்குள் நிற்காத ஆற்றல்

சித்திரை வெயிலில் கொங்குநாட்டின் வெள்ளகோவில் நண்பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. ஊருக்கு அருகேயுள்ள வட்டமலைக்கரை ஓடை அணை பல ஆண்டுகள் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறது. வெளியே காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும் அதே நேரத்தில், கரூர்–கோவை நெடுஞ்சாலையோரத்து நூற்பாலை ஒன்றில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் கூடத்துக்குள் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை இருந்தாக வேண்டும். தறிக்கூடமாக இருந்தால் 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும்.

காரணம் பருத்தியின் இயல்பு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இழை. வணிகக் கணக்கில் பருத்தியின் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் நீர் இருப்பதாக வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். காற்று வறண்டால் இழை நொய்ந்துபோகும். நிலைமின்சாரம் ஏறி இழைகள் ஒன்றையொன்று விலக்கும், நூல் அடிக்கடி அறும். ஈரம் மிகுந்தாலும் கெடுதல்தான். பஞ்சு உருளைகளில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே காற்றை நிறுத்திவைப்பதுதான் ஆலைக்காரர்கள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று சொல்லும் அமைப்பின் வேலை. அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர், காற்றை நீர்த்திவலைகளால் கழுவிப் பதப்படுத்தும் கருவிக்கு 1906-ல் காப்புரிமை பெற்றார். அதை முதலில் வாங்கிப் பொருத்தியவர்களில் அந்நாட்டின் தென்மாநிலப் பருத்தி ஆலைகளும் உண்டு. இன்று மருத்துவமனைகளிலும் வணிக வளாகங்களிலும் ஓடும் பெரிய காற்றுப் பதன அமைப்புகளுக்கும் கொங்குநாட்டு ஆலைகளின் பிளான்டுக்கும் மூலம் ஒன்றே.

கூடத்தின் பழைய காற்று தரைக்கடியில் ஓடும் ட்ரெஞ்ச் வழியே இழுக்கப்படுகிறது. மெதுவாகச் சுழலும் வடிகட்டி டிரம்மில் அதன் பஞ்சுத் தூசி பிரிகிறது. பிறகு ஏர் வாஷர் அறையில் நூற்றுக்கணக்கான நாசில்கள் பீய்ச்சும் நீர்த்திவலைகளுக்குள் அந்தக் காற்று புகுந்து வருகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நீர் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 40 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றை இப்படிக் கழுவினால் அது சுமார் 26 டிகிரி வரை இறங்க இடமுண்டு. எலிமினேட்டர் தகடுகள் மிச்சத் துளிகளைத் தடுத்துவிட, சப்ளை ஃபேன் காற்றைக் கூடத்துக்குத் தள்ளுகிறது.

ஆலையின் மற்ற இயந்திரங்களை ஆட்கள் எந்நேரமும் வெளியே நின்று பார்க்கிறார்கள். பிளான்ட்டின் நிலைமை வேறு. அதைப் பழுதுபார்க்க மனிதர் அதன் உள்ளேயே போக வேண்டும். விசிறிக்கும் நாசில் வரிசைக்கும் டிரம்முக்கும் நடுவே, இருட்டில், ஈரத் தரையில் நின்று வேலை செய்ய வேண்டும். அப்போது அவரைக் காப்பது எது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஸ்விட்சை அணைப்பதால் மட்டும் யாரும் காக்கப்படுவதில்லை. இயந்திரத்துக்குள் மிச்சமிருக்கும் ஒவ்வொரு வகை ஆற்றலும் தீர்ந்துவிட்டது என்று சோதித்து உறுதிசெய்த பிறகுதான் அது பாதுகாப்பான இடம்.

சுழற்சியில் சேர்ந்திருப்பது

ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள அச்சுவழி விசிறி ஒன்று நிமிடத்துக்கு 960 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். இறக்கையின் நுனி வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. சுழலும் பாகத்தின் எடை 40 கிலோ என்றும், அந்த எடை சராசரியாக அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக் கணக்கிட்டால், அதில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 32,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை 65 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது.

மோட்டாரை நிறுத்தியதும் இந்த ஆற்றல் மறைந்துவிடாது. காற்றின் தடையும் பேரிங்கின் உராய்வும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்க வேண்டும். பெரிய விசிறி முழுதாக நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 960 சுற்றிலிருந்து 100 சுற்றுக்கு இறங்கிய விசிறியில் எஞ்சியிருப்பது தொண்ணூற்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கே சுமார் 350 ஜூல். அதே அரிசி மூட்டை 70 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கையின் மேல் விழுவதற்குச் சமம். நூறு சுற்றில் இறக்கைகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும், நிற்கப்போகிற விசிறி என்று தோன்றும். விரல்கள் போவது அந்தக் கட்டத்தில்தான். கட்டையைக் கொடுத்தோ காலை வைத்தோ விசிறியை நிறுத்தும் பழக்கம் எந்த ஆலையில் இருந்தாலும் அது இன்றே ஒழிய வேண்டும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஒரே அறைக்கு இரண்டு விசிறிகள் காற்றைத் தள்ளும் அமைப்பில் ஒன்றை நிறுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் மற்றொன்றின் அழுத்தம் நின்ற விசிறி வழியே பின்னோக்கி வந்து அதை எதிர்த்திசையில் சுற்ற வைக்கும். மின் இணைப்பை முற்றிலும் கழற்றிவிட்டாலும் அது சுற்றும். ஆகவே காற்றுவழியை அடைக்கும் டேம்பரை மூடி, இறக்கையை உறுதியான கட்டையோ கிளாம்ப்போ கொண்டு அசையாமல் கட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.

மெதுவாகச் சுற்றுவதும் ஆபத்துதான். வடிகட்டி டிரம் நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுற்றும்போது பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். அதை ஓட்டுவது அரை ஹெச்.பி. மோட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கியர் வேகத்தைக் குறைக்கக் குறைக்கத் திருப்புவிசை பெருகும். கியர் பெட்டியின் இழப்பைப் பாதி என்று கழித்தாலும், ஒரு மீட்டர் ஆரத்தில் அந்த டிரம் ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அழுத்தும். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கிய விரலுக்கோ, சட்டகத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் மாட்டிய முழங்கைக்கோ அது தாராளமாகப் போதும்.

கரண்ட் போன நேரம்

கொங்குநாட்டு ஆலைகள் மின்வெட்டை நன்றாக அறிந்தவை. 2008-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்கள் கடுமையான மின் கட்டுப்பாட்டில் ஓடின. கரண்ட் போகிற நேரத்தைப் பராமரிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம் அப்போது பல இடங்களில் வேரூன்றியது. பிளான்ட் வேலையில் மிக ஆபத்தான வழக்கமும் அதுவே.

"அண்ணா, கரண்டு போயிருச்சுங்க. இந்தச் சந்துலயே பெல்ட்டை மாத்திரலாங்களா?" என்று உதவியாளர் கேட்பார். அனுபவமுள்ள ஃபிட்டரின் பதில் இப்படி இருக்கும்: "பொறு கண்ணு. மொதல்ல பேனலுக்குப் போயி ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுட்டு வா. சாவிய உன்ற ஜோப்புலயே வெச்சுக்கோணும்."

அந்தப் பதிலுக்குள் ஒரு பாதுகாப்பு நூலின் சாரமே இருக்கிறது. மின்வாரியத்தின் கரண்ட் போன சில வினாடிகளில் தானியங்கி ஜெனரேட்டர் தொடங்கலாம். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களில், மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானே ஓடும்படி அமைத்திருப்பதும் உண்டு. கூடத்தின் ஈரப்பத உணரி ஆணையிட்டால், பொத்தானை யாரும் தொடாமலேயே விசிறி கிளம்பும். கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் ஒருவருக்கு, உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

நிறுத்தும் பொத்தானும் அவசர நிறுத்தப் பொத்தானும் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் துண்டிக்கின்றன. மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ்களையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிப்பது பேனலில் இருக்கும் ஐசொலேட்டர். அதை இறக்கி, பூட்டுப் போட்டு, பூட்டியவரின் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். மூன்று பேர் உள்ளே போனால் மூன்று பூட்டு. ஒருவர் வெளியே வந்தால் அவர் தம் பூட்டை மட்டும் எடுப்பார். கடைசி ஆள் வெளியே வரும்வரை விசிறியை ஓட்ட முதலாளியாலும் முடியாது. மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருந்தால் அந்தப் பூட்டுக்குப் பயனே இல்லை.

பூட்டியதோடு முடிவதில்லை. டிரைவுக்குள் இருக்கும் மின்தேக்கிகள், 415 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேராக்கி ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்னோட்டமாகச் சேர்த்து வைத்திருக்கும். இணைப்பைத் துண்டித்த பிறகும் அது வடியச் சில நிமிடங்கள் பிடிக்கும். எத்தனை நிமிடம் என்பது டிரைவின் மேல் ஒட்டியிருக்கும். அந்த நேரம் காத்திருந்து, பிறகு மீட்டரால் அளக்க வேண்டும். அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது: முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தை அளக்க வேண்டும், பின் மறுபடியும் மின்சாரமுள்ள இடத்தில் சரிபார்க்க வேண்டும். பழுதான மீட்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பி உயிரைக் கொடுக்கக் கூடாது. கடைசியாகத் தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விசிறி அசையாவிட்டால்தான் பூட்டியது சரியான விசிறி.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கமென்று நினைக்க வேண்டியதில்லை. நம் நாட்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1948 இதைத் தெளிவாகவே சொன்னது. ‘ஆஃப்’ நிலையிலிருந்து தவறுதலாக ‘ஆன்’ நிலைக்கு மாறிவிடக்கூடிய மின்துண்டிப்பானைப் பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்று அதன் 24-ஆம் பிரிவு கூறியது. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவே வேண்டியிருந்தால், தனிப்பயிற்சி பெற்றவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்துதான் செய்ய வேண்டும் என்றது 22-ஆம் பிரிவு. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்வதற்காக வந்தது. சட்டத்தின் பெயர் மாறினாலும் விசிறியின் இயற்பியல் மாறாது.

காற்றும் கதவும்

பிளான்ட் அறையின் கதவைத் திறப்பது சின்ன வேலையாகத் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் என்பது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். விசிறி உருவாக்கும் அழுத்த வேறுபாடு 25 மில்லிமீட்டர், கதவின் பரப்பு இரண்டு சதுர மீட்டர் என்றால், அந்தக் கதவைக் காற்று 50 கிலோ விசையோடு தள்ளிக்கொண்டிருக்கும். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்து, உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் தாழை நீக்கிய கணத்தில் அது முகத்தில் அறையும். காற்றை உள்ளே இழுக்கும் பக்கமாக இருந்தால், உட்பக்கம் திறக்கும் கதவு தன்னோடு ஆளையும் சேர்த்து இழுக்கும், வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஆள் நுழைந்ததும் பின்னால் அறைந்து மூடிக்கொள்ளும். விசிறி நின்ற பிறகே கதவைத் திறப்பது, உள்ளேயிருந்தும் திறக்கக்கூடிய தாழ் வைப்பது, கதவுக்கு ஒரு கொக்கி மாட்டித் திறந்தபடி நிறுத்துவது ஆகிய மூன்றும் இதற்குப் போதும்.

பஞ்சுத் தூசி

பருத்தித் தூசியை நெடுங்காலம் மூச்சில் இழுப்பவருக்கு நெஞ்சு இறுகி மூச்சுத் திணறும் பிசினோசிஸ் நோய் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் இறுக்கம் அதிகமாகத் தெரிவது அதன் தொடக்க அடையாளம். இந்தியச் சட்டத்தில் இது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களுள் ஒன்று. அமெரிக்கா 1978-ல் வகுத்த விதி, நூற்பு வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பருத்தித் தூசி இருக்கக் கூடாது என்றது. பிளான்ட் கூடத்தின் தூசியைக் குறைக்கிறது. ஆனால் கூடம் முழுவதன் தூசியும் வந்து சேரும் இடம் வடிகட்டியும் ட்ரெஞ்சும்தான். அவற்றைச் சுத்தம் செய்பவர் மற்ற எல்லாரையும்விடக் கூடுதலாக மூச்சில் இழுக்கிறார். வெள்ளகோவில் வட்டாரத்தில் கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் தூசி இன்னும் மிகுதி. அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தால் தூசி முழுவதும் காற்றில் மிதக்கும். வேக்குவத்தால் உறிஞ்சுவதே முறை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் நுண்ணிய தூசி நிற்காது. என்95 தரத்து முகமூடி வேண்டும். துண்டு, ஷால், தொங்கும் அரைஞாண் கயிறு எதுவும் சுழலும் தண்டின் பக்கத்தில் கூடாது. ஓடும் பெல்ட்டின் அருகே தளர்ந்த கையுறையும் கூடாது. கையுறை சிக்கினால் கையும் போகும்.

அதே தூசி தீயையும் தாங்கி வரும். பருத்தி சுடர் விடாமல் உள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கக் கூடிய பொருள். ட்ரெஞ்சுக்குள்ளோ காற்று செல்லும் டக்டின் மேலோ வெல்டிங் வைத்தால் தெறிக்கும் ஒரு பொறி, படிந்த பஞ்சுக்குள் புதைந்து கனலும். வேலையை முடித்து விசிறியை ஓட்டியதும் அந்தக் கனலுக்குக் காற்று கிடைக்கும், தீ டக்ட் வழியே கூடமெங்கும் பாயும். வெல்டிங்குக்கு முன் பஞ்சைத் துடைத்தெடுப்பது, தீயணைப்பானோடு ஒருவரை நிறுத்துவது, வேலை முடிந்தும் குறைந்தது ஒரு மணி நேரம் அவரை அங்கேயே இருக்கச் செய்வது, இவை மூன்றும் நடந்த பிறகே விசிறிக்கு அனுமதி தர வேண்டும்.

தொட்டிக்குள் இறங்குமுன்

கொங்கு மண்ணின் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அது நாசில்களிலும் எலிமினேட்டர்களிலும் வெள்ளை உப்பாகப் படியும். அதைக் கரைக்க அமிலம் ஊற்றுவார்கள். தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க பிளீச்சிங் பவுடர் போடுவதும் வழக்கம். தனித்தனியே இவை பழகிய பொருள்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழாமல் தொட்டியின் அடியிலேயே தேங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு இருக்கும் உயரம் அதுதான். பிளீச்சிங் போட்ட தண்ணீரை முழுதாக வடித்து, நல்ல தண்ணீரால் அலசிய பிறகே அமிலத்தைத் தொட வேண்டும். நாசில்களைக் கழற்றி வெளியே திறந்தவெளியில் ஊறவைப்பது இன்னும் நல்லது.

தேங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளும் வளரும். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே புதிய நிமோனியா பரவியது. 221 பேர் நோயுற்றார்கள், 34 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்குக் காரணமான லீஜியோனெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. அது 25 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் செழிக்கும். நுண்துளிகளாகி மூச்சில் சென்றால் நோய் தரும். வெதுவெதுப்பான தொட்டிநீரை நுண்துளியாக்குவதே ஏர் வாஷரின் தொழில். இந்த பாக்டீரியா தெரியவருவதற்கு முன்பே தொழிற்சாலைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, காற்றை ஈரமாக்கப் பயன்படும் நீர் குடிநீராகவோ நன்கு சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றது. சேறு படிந்த தொட்டியை உயரழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவுபவருக்கு ஆபத்து அதிகம். முதலில் கிருமிநீக்கம் செய்து, வடித்து, முகமூடியோடு இறங்க வேண்டும்.

தொட்டியும் ட்ரெஞ்சும் அடைபட்ட இடங்கள். ஈரத்தில் நிற்கும் உடலுக்கு 230 வோல்ட் விளக்கு எமன். இத்தகைய இடத்துக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைக் கொண்டுபோகத் தொழிற்சாலைகள் சட்டம் கட்டுப்பாடு விதித்தது இதனால்தான். பேட்டரி விளக்கு மலிவாகக் கிடைக்கும் காலம் இது. ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் வாயிலில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கிவிட்டால் வெளியே நிற்பவர் பாய்ந்து இறங்கக் கூடாது. முதலில் ஆள் கூப்பிட வேண்டும், கயிறு கட்டியிருந்தால் வெளியிலிருந்தே இழுக்க வேண்டும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பது அடைபட்ட இடங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் துயரம்.

யார் பொறுப்பு?

பெரிய ஆலைகளில் இதற்கென்று பொறியாளரும் அனுமதிச்சீட்டு முறையும் இருக்கும். வெள்ளகோவிலைச் சுற்றியுள்ள சிறிய மில்களில் ஒரே ஃபிட்டர் ரிங் ஃபிரேமையும் பார்க்க வேண்டும், பிளான்டையும் பார்க்க வேண்டும். நூல் அறுந்துகொண்டிருக்கும்போது "சீக்கிரம் முடிங்க" என்ற குரல்தான் அவர் காதில் விழும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்கள் பலருக்குத் தமிழ் எச்சரிக்கைப் பலகை புரியாது. அவர்கள் மொழியிலும் எழுதி வைப்பதும், பூட்டுப் போடும் முறையைக் கையால் செய்து காட்டுவதும் நிர்வாகத்தின் கடமை. வாய்மொழிக் கட்டளையைவிட ஒரு பக்கத் தாளில் எழுதி பேனலின் மேல் ஒட்டிய வரிசை நம்பகமானது: நிறுத்து, ஐசொலேட்டரை இறக்கு, பூட்டு, விசிறி நிற்கும்வரை காத்திரு, அளந்து பார், தொடக்கப் பொத்தானை அழுத்திச் சோதி, அதன் பிறகே உள்ளே போ, முதல் வேலையாக இறக்கையைக் கட்டு. முடிந்ததும் கருவிகளை எண்ணு, ஆட்களை எண்ணு, காப்புமூடிகளை மாட்டு, பிறகு பூட்டை எடு.

இந்த வரிசைக்குப் பிடிப்பது கால் மணி நேரம். பூட்டுக்கும் அட்டைக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய். ஆலை வைத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் பிளான்ட் பேனலுக்குப் பக்கத்தில் உள்ளே போகும் ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமமாகப் பூட்டுகள் தொங்குகின்றனவா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். உள்ளே போகும் தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்: உங்கள் பூட்டின் சாவி உங்கள் பையில் இல்லாதவரை, யார் அவசரப்படுத்தினாலும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே கால் வைக்காதீர்கள்.